தவமணியின் கலியாணத்துக்கு ஆர் வாசிக்கிறது?

தவமணிக்கு நாற்பத்தாறு வயதில் கலியாணம் முற்றாகி நாள் குறித்தபோது, கண்டியிலுள்ள அந்தச் சின்னத் தமிழ்த் தேவாலயத்தில் சந்தோஷப்படாத ஆளே இல்லை. கேக் யார் அடிப்பது, பூ யார் கட்டுவது, மாலையில் தேநீரோடு பற்றிஸா கட்லற்றா என்று இரண்டு ஞாயிறு வாய் ஓயாமல் பேசினார்கள். மூன்றாம் ஞாயிறுதான் போதகர் தியாகராஜாவுக்கு மூளையில் தட்டியது. ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தவர், தவமணியின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அதுசரி பிள்ளை, உம்முடைய கலியாணத்துக்கு ஆர் ஓர்கன் வாசிக்கிறது?”

கேட்டாரே ஒரு கேள்வி! அந்தத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆள்தான் இப்போது மணப்பெண்.

யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, எழுதுவினைஞராக வந்தவள் தவமணி. வந்த முதல் ஞாயிறே அந்த மிதி ஓர்கனின் முன்னால் குந்தினாள். அதற்குப் பிறகு அவளை எழுப்ப ஒருவராலும் முடியவில்லை. காய்ச்சல், மழை, ஊரடங்கு எதுவும் அவளுக்கு ஒரு சாட்டு அல்ல. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் போதகர் வீட்டுக் குசினிக்குள் ஒளிந்திருந்தவள், அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்த ஏழே ஏழு பேருக்கு நாலு பாட்டையும் ஒரு சரணம் குறைக்காமல் வாசித்தாள். கை நடுங்கியதாம். தாளம் நடுங்கவில்லை என்று இன்றைக்கும் வீம்பாகச் சொல்லுவாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது கலியாண வாசிப்பு. மணப்பெண் வாசலிலிருந்து பீடம்வரை நடந்து வருவதற்கென்று அவளே ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தாள். சனங்கள் அதைத் ‘தவமணி மெட்டு’ என்றே சொன்னார்கள். பெண் பயந்து விறுவிறென்று நடந்தால் மெட்டும் விறுவிறென்று போகும். சீலை தடக்கி நின்றால் மெட்டும் ஒரு சுரத்தில் நின்று இளைப்பாறும். ஒரு கண் ஓர்கன் கட்டையில், மறு கண் மணப்பெண்ணின் காலில். இருபத்து மூன்று வருடமாக ஊரார் பெண்களையெல்லாம் இப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்குத்தான் இப்போது வாசிக்க ஆளில்லை.

இனி மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் இராஜரத்தினம். வயது ஐம்பத்தொன்று. நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவர். மூன்று தங்கைகளுக்கு வரிசையாகக் கலியாணம் செய்துவைத்து நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்துவிட்டிருந்தது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, இருந்த வீட்டைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர், எங்கெங்கோ அலைந்து கண்டிக்கு வந்து சேர்ந்தார். தங்கைமார் மூவரும் வன்னியில் மாட்டிக்கொண்டார்கள். தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்து, சுருதிக்குச் சம்பந்தமே இல்லாமல், பெருங்குரலெடுத்துப் பாடுவார். ஒருநாள் தவமணி பொறுமையிழந்து, “ஐயா, உங்கடை சுருதி எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்டேவிட்டாள். “அதைத்தான் பிள்ளை நானும் தேடுறன்,” என்றார் மனிதர். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள்தான், ஆறு மாதமாகியும் சிரிப்பு நின்றபாடில்லை. கச்சேரியில் கோவைகளுக்கு நூல் கட்டும்போதும் சிரித்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். நாற்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டும் சிரித்தாள்.

ஆனால் போதகரின் கேள்வியைக் கேட்டு வீட்டுக்கு வந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மஹியாவையில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் பாலம்மா இருந்தாள். கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக வேலை செய்கிறவள். தவமணிக்குச் சிநேகிதி, தங்கச்சி, சண்டைக்காரி எல்லாம் அவள்தான்.

“என்னாக்கா, மூஞ்சி இப்படி இருக்கு? மாப்பிள்ள ஓடிட்டாரா?”

“அப்பா இல்லை. அண்ணன் கனடாவிலை. கையைப் பிடிச்சு நடத்த ஆளில்லை எண்டு தெரியும். பரவாயில்லை, மெட்டு இருந்தால் அதைப் பிடிச்சுக்கொண்டு தனிய நடந்திடுவன் எண்டு இருந்தன் பாலம்மா. இப்ப மெட்டுமில்லை. சத்தமில்லாத கோயிலுக்குள்ளை, எல்லாரும் பார்க்க, ஒற்றையாய் நடக்கிறதோ? என்னாலை ஏலாது. வாசலிலையே நிண்டு அழுதிடுவன்.”

சொல்லும்போதே அழுதாள். பாலம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செய்தி ஒன்றைச் சொன்னாள். வார்ட்டில் ஒரு நேர்ஸின் தம்பி கீபோர்ட் வைத்திருக்கிறானாம். நாம் வாசித்ததை அது அப்படியே உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால் ஆளில்லாமலே வாசிக்குமாம்.

தவமணி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

“ஆளில்லாமலோ?”

“ஆளே வேணாங்கா! நீங்க மொதநாளே வாசிச்சு வச்சிடுங்க. நான் பொத்தான அமுக்குறேன். நீங்க வாசிக்க வாசிக்க நீங்களே நடந்து வாங்க!”

அதைக் கேட்டதும் தவமணிக்குப் பழைய சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன் கலியாணத்துக்குத் தானே வாசித்து, தானே நடப்பது! பேச்சென்றால் இதல்லவா பேச்சு!

தற்செயலாக அதற்கு ஒரு வழியும் திறந்தே கிடந்தது. தேவாலயத்து மிதி ஓர்கனின் துருத்தியை எலி தின்றுவிட்டிருந்தது. மிதித்தால் பாட்டுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பதிலாகக் கீபோர்ட் ஒன்று வாங்கச் சபையார் ஏற்கெனவே ஆறாயிரம் ரூபா ஒதுக்கி, தெரிவு செய்யும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள். போதகர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. “மேளம் அடிக்கிறது வேண்டாம் பிள்ளை. தேவாலயம், ஞாபகம் இருக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை தவமணியும் பாலம்மாவும் கண்டி டவுனைச் சல்லடை போட்டார்கள். பெரிய தெருவில் கண்ணாடி போட்ட கடையொன்றில் ஒரு அழகான கீபோர்ட் இருந்தது. அறுபத்தொரு கட்டை, பாட்டுகளைச் சேமிக்க வசதி, கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் உரக்கவும் பேசும் நயம். விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தவமணி அதை ஒருதரம் தொட்டுவிட்டு, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். அடுத்த கடையில் மூவாயிரத்துக்கு ஒன்று. கட்டைகள் குழந்தையின் விரலுக்கு அளவானவை. அவள் ஒரு சுரத்தை அமுக்கினால் மூன்று சேர்ந்து கத்தின. “இது பொம்மைக்கா, கேக் மேல வைக்கலாம்,” என்றாள் பாலம்மா. மூன்றாவது கடையில் ஐயாயிரத்து எண்ணூறுக்கு நல்ல சாமான்தான். ஆனால் மின்சாரத்தில் மட்டும் வேலை செய்யும், பற்றரி போட இடமே இல்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. கரண்டை நம்பிக் கலியாணம் வைக்க முடியுமா? அந்தக் கடையில் அவர்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

கடைசியில் போய்ச் சேர்ந்தது முஹ்ஸின் நானாவின் பழைய சாமான் கடைக்கு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கொண்டுவந்து விற்கிற வானொலி, மின்விசிறி, தையல் மெசின் எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்குள்ளிருந்து நானா ஒரு கீபோர்டை இழுத்தெடுத்துத் தூசி தட்டினார்.

“குவைத்ல இருந்து வந்த சாமான் மிஸ். அறுபத்தொரு கட்டை. பெட்டரியும் போடலாம், கரண்டும் குடுக்கலாம். ஒரு பாட்டுப் பிடிச்சி வெக்கவும் ஏலும். ஆனா ஒண்டு சொல்லோணும், பொய் சொல்லி விக்க மாட்டேன். கீழ்ப் பக்கத்துல ஒரு கறுப்புக் கட்டை பேசாது.”

தவமணி ஒரு பெட்டிமேல் குந்தி வாசிக்கத் தொடங்கினாள். அடடா, என்ன குரல்! புல்லாங்குழல் என்றால் புல்லாங்குழல், மணி என்றால் மணி. ஓர்கன் குரலைத் தேடிப் பிடித்தவள் தவமணி மெட்டைத் தொடங்கியதும் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா மட்டும் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.

“மிஸ், கீழ ஒண்டும் இல்லையே. என்னத்த மிதிக்கிறீங்க?”

இருபத்து மூன்று வருடப் பழக்கம்! இரண்டு காலும் மாறி மாறிக் காற்றை மிதித்துக்கொண்டிருந்தன. நிறுத்திப் பார்த்தாள். கால் நின்றதும் கையும் நின்றது. மூச்சு விடாமல் பாட்டு எப்படி வரும் என்று உடம்பு நம்ப மறுத்தது. பாலம்மா ஒரு மின்விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், மிதித்தால் மிதித்துக்கொள்ளட்டும் என்று காலை அதன்பாட்டுக்கு விட்டுவிட்டாள் தவமணி. பேசாத கறுப்புக் கட்டைக்கும் வழி கண்டாள். மெட்டை ஒரு சுரம் மேலே தூக்கி வாசித்தால் அந்தக் கட்டையின் பக்கமே போகத் தேவையில்லை.

விலை ஒன்பதாயிரம். நானா மனமிரங்கி எண்ணாயிரத்து ஐந்நூறுக்கு வந்து, அதற்குக் கீழே அசையமாட்டேன் என்று நின்றார். சபையின் ஆறாயிரத்துக்கு மேல் இரண்டாயிரத்து ஐந்நூறு வேண்டும். கலியாணச் சீலைக்கென்று அவள் எடுத்துவைத்திருந்ததோ சரியாக மூவாயிரம்.

“வேணாங்கா,” என்றாள் பாலம்மா, முதல்தடவையாகச் சிரிக்காமல். “கல்யாணத்துக்குப் பழைய சீலையா?”

“நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த வெள்ளைச் சீலை இருக்குது. சீலையை ஆர் பார்க்கிறது? மெட்டு வந்தால் எல்லாரும் மெட்டைத்தான் கேட்பினம்.” காசை எண்ணிக் கொடுக்கும்போது அவளுக்குக் கை பறந்தது. கலப்படமில்லாத சந்தோஷம், வேறொன்றுமில்லை.

சாமானைத் துணியால் சுற்றிக் கொடுக்கும்போது நானா விரலை உயர்த்தி எச்சரித்தார். “பெட்டரி உள்ளுக்கு ஈக்கும்வரைக்கும்தான் நீங்க பிடிச்ச பாட்டு ஈக்கும். பெட்டரியக் கழட்டினீங்க, பாட்டு மவுத்து, செத்துப்போகும்!”

அடுத்த இரண்டு வாரம் மஹியாவை அறையில் நடந்த ஒத்திகையைச் சொல்லி மாளாது. பிடித்து வைத்த மெட்டு மணப்பெண்ணின் காலைப் பார்த்து வாசிக்காதல்லவா? அதனால் நடையைத்தான் மெட்டுக்கு ஏற்ப அளந்துகொள்ள வேண்டும். தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை இராஜரத்தினம் தானே அடி அளந்து, படம் வரைந்து, ஒவ்வொரு காலடிக்கும் புள்ளி வைத்துக் கொடுத்தார். நாற்பத்திரண்டு அடி. அதற்குச் சின்னக் காலடியாக முப்பத்தாறு. முற்றத்தில் பாலம்மா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக நடப்பாள். தவமணி யன்னலுக்குள்ளால் பார்த்து வாசிப்பாள். கலியாணத்துக்கு முதல்நாள் பதினோராவது தடவையில் மெட்டு ஒரு பிசகும் இல்லாமல் உள்ளே பதிந்தது. கேட்டுவிட்டு இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். கட்டிலின் ஒரு சட்டம் முறிந்தது.

இனி யாரும் கைபட்டுக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? பாலம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டரை எடுத்தாள். அமுக்க வேண்டிய ஒரு பொத்தானை மட்டும் விட்டுவிட்டு, மற்றப் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் மேலால் ஒட்டினாள். முக்கியமான இடம் பற்றரி மூடி. அதற்குக் குறுக்கும் நெடுக்குமாக, ஆபரேஷன் செய்த வயிற்றுக்குப் போடுவதுபோல, ஆறு துண்டு போட்டாள். “இனி ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது,” என்றாள் பெருமையாக.

கலியாணத்தன்று காலை தவமணி வெள்ளைச் சீலையில், தலையில் மல்லிகையோடு, தேவாலய வாசலில் வந்து நின்றாள். உள்ளே சனம் நிறைந்திருந்தது. பாலம்மா கீபோர்டோடு த்ரீவீலில் பின்னால் வருவதாக ஏற்பாடு. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஆளைக் காணவில்லை. ஒருவழியாக த்ரீவீல் வந்து நின்றது. இறங்கியவளின் முகத்தைப் பார்த்ததுமே தவமணி ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

“அக்கா, என்னைய அடிங்க. அடிச்சிட்டு அப்புறம் பேசுங்க.”

“என்ன நடந்தது? சொல்லும்!”

வழியில் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்ததிலிருந்து எல்லா இடமும் அப்படித்தான். ஒரு தமிழ்ப் பெண், துணியால் சுற்றிய நீளமான பெட்டி, உள்ளே வயரும் பற்றரியும். அதுகூடப் பரவாயில்லை. மூடிக்குமேல் ஆறு துண்டுப் பிளாஸ்டர்! அதைக் கண்டதும் சிப்பாய் இரண்டு எட்டுப் பின்னால் போய்த் துவக்கைத் தூக்கினானாம்.

“நான் சிங்களத்துல கத்துறேங்கா. ‘மாத்தயா, கலவன்ன எப்பா, சிந்துவ யனவா!’ கழட்டாதீங்க ஐயா, பாட்டு போயிரும்னு. அவன் பாட்டு எங்க போவும்னு கேக்குறான். செத்துப்போவும்னேன். சாவுன்னு சொன்னதும் இன்னும் நாலு பேரக் கூப்பிட்டுட்டான்!” பாலம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஆறு பேட்டரியையும் ஒண்ணு ஒண்ணா வெளிய எடுத்து ஆட்டிப் பாத்தாங்கக்கா. அப்புறம் அவனே திருப்பிப் போட்டுக் குடுத்தான். பாட்டுப் போச்சு. அமுக்கிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல.”

தவமணிக்கு முதலில் அழுகைதான் வந்தது. நிச்சயமாக வந்தது. ஆனால் ஐந்து சிப்பாய்களுக்கு நடுவில் நின்று பாட்டு செத்துப்போகும் என்று கத்துகிற பாலம்மாவை மனதில் பார்த்தாளே, அதோடு அழுகை வழி மாறிவிட்டது. வாசலிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மல்லிகை கழன்று தோளில் விழுந்தது.

“தாரும் உந்தக் கீபோர்டை. மூண்டு நிமிசம் போதும். திரும்பப் பிடிக்கிறன்!”

கீபோர்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மணப்பெண் தேவாலயத்தின் நடுவால் விறுவிறென்று நடந்தாள். முப்பத்தாறு காலடியாவது மண்ணாங்கட்டியாவது! வாங்குகளில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். போதகர் தியாகராஜா வேதப் புத்தகத்தோடு பாதியில் எழுந்து நின்றுவிட்டார். அவள் ஓர்கன் மேசையில் கீபோர்டை வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தி, பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்து, கையைக் கட்டைகளில் வைத்து நிமிர்ந்தாள்.

அப்போதுதான் இராஜரத்தினத்தைக் கண்டாள்.

பீடத்துக்கு முன்னால், புதுச் சட்டையின் கழுத்துப் பட்டி குத்த, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மனிதர் நின்றார். இடப்பக்கத்து வாங்குகளில் கச்சேரிச் சனம், சபைச் சனம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒதுக்கிய வலப்பக்கத்து ஐந்து வாங்குகளும் வெறுமையாகக் கிடந்தன. ஒரு குருவிகூட இல்லை. வன்னியை விட்டு வெளிக்கிடத் தங்கைமாருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. கடிதமாவது போய்ச் சேர்ந்ததோ என்பதும் தெரியவில்லை. வாசலிலிருந்து ஒற்றையாக நடக்கப் பயந்து இரண்டு வாரமாகக் கூத்தடித்தவள் தான் என்றால், இந்த மனிதர் சத்தமே இல்லாமல் ஒற்றையாக வந்து நிற்கிறாரே! இவருக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, எனக்கே தோன்றவில்லையே என்று நினைத்த தவமணி கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள்.

“இஞ்சை பாருங்கோ,” என்றாள். கூட்டம் முழுக்கக் கேட்டது. “வாசலுக்குப் போங்கோ.”

“நானோ?” என்றார் அவர்.

“ஓம். வாசலுக்குப் போய், அங்கையிருந்து வாங்கோ. நான் வாசிக்கிறன்.”

“பிள்ளை, மாப்பிள்ளை நடந்து வாற வழக்கம்…” என்று போதகர் தொடங்கினார். பிறகு வலப்பக்கத்து வாங்குகளை ஒருதரம் பார்த்தார். “போங்கோ தம்பி, போங்கோ,” என்றார்.

இராஜரத்தினம் வாசலுக்குப் போனார். திரும்பி நின்றார். தவமணி மெட்டைத் தொடங்கினாள். கீழே இரண்டு காலும் காற்றை மிதிக்க, மேலே கை பறந்தது. அவர் முதல் அடியை வைத்தார். அளந்து படம் வரைந்த மனிதர் ஒரு புள்ளியும் ஞாபகமில்லாமல் தடுமாறி நடந்தார். இடையில் நின்று கண்ணைத் துடைத்தார். அவர் நின்ற இடத்தில் அவளும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் நடந்தபோது மெட்டில் தானும் நடந்தாள்.

பின்வரிசையில் இருந்த பாலம்மாதான் முதலில் எழுந்தாள். நடைபாதையைக் கடந்து போய், மாப்பிள்ளை பக்கத்து முதல் வாங்கில், தங்கச்சி இருக்க வேண்டிய இடத்தில், சீலையைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். அதைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்திலிருந்து இருவர் போனார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு யார் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாமல் போயிற்று. தவமணிக்குக் கட்டைகள் கலங்கித் தெரிந்தன. என்றாலும் ஒரு சுரமும் பிசகவில்லை. மெட்டை ஒருதரம் முடித்து, அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று திரும்பவும் தொடங்கினாள்.

அவர் பீடத்துக்குப் போகவில்லை. நேரே அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வந்திட்டன்,” என்றார் மெல்ல.

“கண்டனான்,” என்றாள் தவமணி. “கொஞ்சம் பொறுங்கோ, முடிக்கிறன்.”